ஃபைலக்காவின் விண்ணப்பம்

அந்தப் பெயரை முதலில் யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்த ஆள் ஓய்வு பெற்றுப் போயே பல காலம் ஆகியிருக்கும். பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில், மூன்றாம் மாடியில், லிஃப்டை விட்டு வெளியே வந்தால் இடதுகைப் பக்கம் இரண்டாவது கதவு. உள்ளே நான்கு மேசைகள், ஏழு இரும்பு பீரோக்கள், ஜன்னலோரம் ஃபைலக்கா. துணைவேந்தரிலிருந்து தண்ணீர் கேன் இறக்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஃபைலக்காதான். 'கண்காணிப்பாளர், கல்விப் பிரிவு' என்று கதவில் பலகை இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது வழி கேட்டால் எதிர் அறைக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அப்புறம்தான், "அட, ஃபைலக்காவையா கேக்கறீங்க?" என்பார்கள்.

ஐம்பத்து மூன்று வயது. குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமான போக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள் என்றால் எதிரே நிற்கிறவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது, யார் கையெழுத்துக்காகத் தவம் கிடக்கிறது, யாரிடம் சொன்னால் நகரும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மூன்றாம் மாடியே கை ஒடிந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். இப்பேர்ப்பட்டவளுக்கு மனதுக்குள் ஒரு ஆசை உண்டு என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

ஆசை இதுதான்: முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வதற்கு இல்லை. அவளைத்தான் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாதே, எங்கே போய்ப் போட்டுக்கொள்வது? ஒரு கேள்வி கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாலு படித்த மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும், இவள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இருபத்தாறு வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தடவை பதிவு செய்தாள். 'ஓர் அலுவலகத்தில் ஒரு காகிதம் ஏன் நிற்கிறது?' என்பது கேள்வி. நெறியாளராக இருந்தவர் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி வெளிநாடு போனார். இன்றைக்கு வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார். இன்னொருவரிடம் போனாள். அவர் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "இது ஆராய்ச்சியா, புலம்பலாம்மா?" என்று கேட்டார். அப்புறம் மகள் பிறந்தாள், கணவருக்கு இடமாற்றம் வந்தது, மாமனார் படுக்கையில் விழுந்தார். ஏழு வருஷம் முடிந்ததும் பதிவு காலாவதியானது என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பும் மேசையில் அப்போது அவளேதான் இருந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள், சரியாகச் சொன்னால் அவள் இருந்தது அதற்குப் பக்கத்து மேசை.

கடிதம் வந்தது, கேள்வி போகவில்லை. அவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். தன் கையைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு கோப்பும் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது என்று ஒரு வரி. 'இரண்டு பேரில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று தகராறு, பதினேழு நாள்.' 'ஐயாவுக்குப் பல்வலி, மூன்று நாள்.' 'முடிவெடுத்தால் நாளைக்கு யாராவது கேட்பார்களோ என்ற பயம், நூற்றுப் பன்னிரண்டு நாள்.' 'காரணம் யாருக்கும் தெரியவில்லை, நாற்பது நாள்.' இந்தக் கடைசி வகைதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. மற்றவர்கள் சினிமாப் பாட்டை முணுமுணுப்பதுபோல அவள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போவாள். இப்படிப் பதினொரு நோட்டுகள் சேர்ந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மேலாண்மைப் பள்ளியின் இயக்குநர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, பெட்டியைக்கூட வைக்காமல் நேரே அவள் மேசைக்கு வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றே கூப்பிடுகிறவர். ஆசை பெரிசு, பொறுமை கம்மி.

"அக்கா, கடலுக்கு அக்கரையில ஒரு பல்கலைக்கழகம் நம்மளோட கூட்டு சேர ஒத்துக்கிட்டாங்க. வணிக நிர்வாகத்துல முனைவர் பட்டம். ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தறது, சேர்ந்து குடுக்கறது. நம்ம பக்கத்துல இதுவரைக்கும் யாருமே பண்ணல."

"சான்றிதழ் ஒண்ணா, ரெண்டா சார்?"

"ஒண்ணேதான். அதுலதானே விசேஷமே!"

"அப்போ ரெண்டு முத்திரை வரும். யாரோடது இடது பக்கம்?"

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த முத்திரை விவகாரம் தீர எட்டு மாதம் ஆயிற்று. அப்போது அவர் சிரிக்கவில்லை.

ஐந்து பேராசிரியர்களைப் போட்டு ஒரு வரைவுக் குழு அமைத்தார்கள். ஐந்து பேரும் நல்லவர்கள்தான். கூட்டத்துக்கு வருவார்கள், பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள், "ஃபைலக்கா எழுதிட்டு வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள். ஃபைலக்கா எழுதிக்கொண்டு வருவாள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே வருஷம் செப்டம்பரில் தொடங்குகிறது, இங்கே ஜூனில். நடுவில் மூன்று மாதம் மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளை? ஒரு மாணவருக்கு அங்கே ஒரு நெறியாளர், இங்கே ஒரு நெறியாளர். இருவரும் முட்டிக்கொண்டால் யார் சொல்வது செல்லும்? வாய்மொழித் தேர்வை எந்த ஊரில் வைப்பது? ஆய்வேட்டின் ஒரு பிரதி எந்த நூலகத்துக்கு? கேள்வி ஒவ்வொன்றும் முளைக்க முளைக்க, அவள் ஒவ்வொன்றாக வெட்டிச் சீர்செய்து அடுக்கினாள். இந்தப் பக்கத்துத் திருத்தம் சிவப்பு, அந்தப் பக்கத்துத் திருத்தம் நீலம். நாற்பத்தோராவது வரைவு வரும்போது பக்கம் முழுக்க ஊதாவாகத் தெரிகிறது என்று இயக்குநர் கண்ணைக் கசக்கினார்.

அந்தப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் ஒரு பேராசிரியை. நரைத்த தலை, பெரிய குவளையில் காபி, விசைப்பலகை மேல் நடந்து போகும் ஒரு பூனை. இங்கே மத்தியானம் மூன்று மணி ஆனால் அங்கே காலை. செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பெண்களும் திரையில் சந்தித்துக்கொள்வார்கள். ஃபைலக்காவின் ஆங்கிலம் கோப்பு ஆங்கிலம். முதல் மாதம் 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்றுதான் வணக்கமே சொல்வாள். போகப் போகச் சரியாகிவிட்டது. பூனைக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டம் தள்ளிப்போன வாரம், இவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'பூனை, ஏழு நாள்.'

இங்கே அந்த அலுவலகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே எந்த விதியையும் புதிதாக எழுத மாட்டார்கள். புதிதாக எழுதினால் கல்விக் குழுவில் நாற்பது பேரும் படிப்பார்கள். படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். ஆகவே என்றைக்கோ ஒப்புதல் வாங்கிய பழைய விதிமுறையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டி, ஓரத்தில் 'ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது' என்று குறித்துவிடுவார்கள். அதைப் பார்த்ததும் குழு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைப் புரட்டும். இந்த வித்தையில் ஃபைலக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நூலக விதியில் பாதி, விடுதி விதியில் கொஞ்சம் என்று எடுத்து அவள் ஒட்டியது ஒட்டிய இடம் தெரியாது.

முதல் வருஷத்திலேயே அக்கரைப் பேராசிரியை ஒன்று கேட்டார்: விதிகளைப் போடுகிறவர்களே நாளைக்கு வந்து மாணவராகச் சேர்ந்துகொண்டால் நன்றாக இருக்காது, அதற்கு ஒரு தடை வேண்டும். நியாயம்தானே என்று ஃபைலக்கா தேர்வுப் பிரிவின் விதிமுறையைப் பிரித்தாள். 'வினாத்தாள் வகுப்பதில் எவ்வகையிலேனும் பங்கேற்றவர் அடுத்த மூன்று தேர்வுகளை எழுத இயலாது.' அதில் வினாத்தாளை எடுத்துவிட்டு விதிகளைப் போட்டாள். தேர்வை எடுத்துவிட்டுச் சேர்க்கையைப் போட்டாள். பத்தொன்பதாம் விதி, நான்காம் பிரிவு. நான்கு நிமிஷ வேலை. மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் அனுப்பியும் விட்டாள். அந்த அம்மாள் அவளுடைய வேகத்தைப் பாராட்டிப் பதில் போட்டார். தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும், மூன்று தேர்வு என்றால் ஒன்றரை வருஷம். இந்தச் சேர்க்கையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. மூன்று சேர்க்கை என்றால் எத்தனை வருஷம் என்று அவள் அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் தன் தலை உருளும் என்று தோன்றியிருக்காது. அப்போது இந்தப் படிப்பு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது.

மூன்றாம் வருஷம் கதை மாறியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், இன்னும் சொல்லப்போனால் அவர்கள்தான் வேண்டும் என்று அக்கரையிலிருந்து செய்தி வந்தது. பதினைந்து வருஷ அனுபவம், தற்போது பணியில் இருக்க வேண்டும். ஏழாம் விதியை அவள்தான் திருத்தினாள். 'வயது உச்சவரம்பு இல்லை' என்று தட்டச்சு செய்துவிட்டுக் கையை எடுத்தாள். அப்புறம் அந்த மூன்று சொல்லையும் வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். பக்கத்து மேசைக்காரர், "என்னக்கா, எங்கிட்டயா சொன்னீங்க?" என்றார்.

"உங்ககிட்ட இல்ல, சும்மா படிச்சுப் பார்த்தேன்" என்றாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஐம்பது வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படி அடித்துக்கொள்ளும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கோப்பு அவளுக்கு வேறு கோப்பு. மற்றவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தனக்கும் ஒரு தட்டு உண்டு என்று தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படி. விதிகளைப் படிக்கும்போதெல்லாம் 'மாணவர்' என்று வரும் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்துக்கொண்டாள். மாணவர் முதல் ஆண்டு நான்கு வாரம் அக்கரையில் தங்க வேண்டும். தங்குவாள். மாணவர் ஆண்டுதோறும் இரு நெறியாளர்கள் முன்னிலையில் தம் ஆய்வை விளக்க வேண்டும். விளக்காமல் விடுவாளா? மதிய வேளையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நூலகத்துக்குப் போய், மற்றவர்களின் ஆய்வேடுகளை எடுத்து முன்பக்கத்தில் இருக்கும் நன்றியுரையை மட்டும் படித்துவிட்டு வருவாள். யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று அவளும் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் பல்வலி ஐயாவும் இருந்தார்.

வீட்டில் மட்டும் சொன்னாள். கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவது அவர் பிழைப்பு. கேட்டுவிட்டு அவர், "அடடா, நான் வண்டிக்கு எழுதறேன், நீ காகிதத்துக்கு எழுதறே. இந்த வீட்டுல நேரத்துக்கு நடக்கறது சாப்பாடு ஒண்ணுதான் போலிருக்கு" என்றார். அப்புறம் அவரே பழைய மேசை ஒன்றை மகள் இருந்த அறையில் தூக்கிப் போட்டு, ஆட்டம் போகக் காலுக்கு அட்டை வைத்தார். மகள் வேலைக்கு வேறு ஊர் போய் மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஃபைலக்கா அங்கே உட்கார்ந்து பதினொரு நோட்டையும் பிரித்து வைத்துக்கொண்டு ஆய்வு முன்வரைவு எழுதினாள். இரண்டே பக்கம்தான் கேட்டிருந்தார்கள். நான்கு மாதம் ஆனது.

எழுதி முடித்த அன்று கணவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். அவர் கடைசிவரை கேட்டார். "காரணம் தெரியாமலே நிக்குதுன்னு சொல்றியே, அது உண்மைதாம்மா. எங்க டிப்போவுல ஒரு வண்டி..." என்று ஆரம்பித்தார். "இருங்க இருங்க" என்று அவள் பேனாவை எடுத்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவளுடைய கேள்வியைப் பற்றி அவளோடு பேசிய முதல் ஆள் அவர்தான். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குச் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கவில்லை.

ஒரு வழியாக இரண்டு பல்கலைக்கழகங்களின் குழுக்களும் ஒப்புதல் கொடுத்தன. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று வரைவுக் குழுவின் ஐந்து பேரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஃபைலக்கா எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். படத்தில் அவளுடைய முழங்கை விழுந்திருக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு வேண்டியது அடுத்த வாரம் இருந்தது.

முதல் சேர்க்கைக்கு நம் பக்கத்தில் ஒன்பது இடம். முப்பத்தொரு விண்ணப்பம் வந்தது. முப்பத்தொன்றாவது அவளுடையது. அதில் துறைத் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்து வாங்க இயக்குநரிடம் கொண்டு போனபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அக்கா, நீங்களா? எத்தனை நாளா மனசுல வச்சிருக்கீங்க இதை?" என்றவர், நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் படித்தார். "அடேயப்பா! இதுல பாதி ஃபைல் எம்மேசையில நின்னதுதானே?"

"பேரு போடல சார்."

"மூணாவது வரியில பயம்னு போட்டிருக்கீங்களே, அது நான்தானே?"

"அது இருபது வருஷத்துக்கு முந்தினது சார், நீங்க அப்போ வரல" என்றாள். இருவரும் சிரித்தார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தகுதி உண்டு, இல்லை என்று எழுதுவது கண்காணிப்பாளர் வேலை. தன்னுடையதைக் கடைசியில் வைத்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது, அதே பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலருடையது. அவரை எல்லோரும் தலையாட்டி என்பார்கள். வரைவுக் குழுக் கூட்டம் இரண்டில் சிறப்பு அழைப்பாளராக வந்து, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, மிச்ச பிஸ்கட்டைத் தாளில் மடித்துக்கொண்டு போனவர். 'ஆகா, ஐயா வசமா மாட்டினீங்க' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பத்தொன்பது நான்கு. விதிகளை வகுப்பதில் எவ்வகையிலேனும் பங்கேற்றவர். ரசித்து, சிவப்பு மையில் எழுத ஆரம்பித்தாள்: 'விதி 19, பிரிவு 4-ன்படி தகுதி...'

அந்த இடத்தில் பேனா நின்றது.

வாசித்தவள் திரும்ப வாசித்தாள். எவ்வகையிலேனும். கூட்டத்தில் தலையை ஆட்டியவருக்கே இடம் இல்லை என்றால், உட்கார்ந்து எழுதியவளுக்கு? எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குடிக்காமலே திரும்பி வந்தாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். முதல் சேர்க்கை இப்போது. இரண்டாவது ஐம்பத்தைந்து வயதில், மூன்றாவது ஐம்பத்தேழில், தடை நீங்குவது ஐம்பத்தொன்பதில். ஓய்வு ஐம்பத்தெட்டு. பணியில் இருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம். அதையும் எழுதியது அவள்தான். விதியைத் திருத்தலாமா என்றால், இரண்டு கரையிலும் குழு கூடி ஒப்புதல் கொடுக்கப் பதினான்கு மாதம். அதுவரை முதல் சேர்க்கையே நிற்கும். ஒன்பது பேர் வாழ்க்கை நிற்கும். ஒரு காகிதம் ஏன் நிற்கிறது என்று கேட்டவள், தானே அதற்கு இன்னொரு காரணமாக ஆவதா?

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒப்பந்தக் கோப்பைப் புரட்டினார். ஒரு கால்மணி நேரம் புரட்டியிருப்பார். அப்புறம் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, இங்க வாங்க. நாப்பத்தேழு கூட்டக் குறிப்பு இருக்கு. எதுலயாவது உங்க பேரு இருக்கா பாருங்க. வரைவுக் குழுன்னா அஞ்சு பேராசிரியர்தான். நீங்க எங்கயுமே இல்ல. 'அலுவலக உதவி'ன்னு ஒரே ஒரு எடத்துல வருது, அதுவும் பேரில்லாம. காகிதத்துப்படி உங்களுக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே கெடையாது!"

"அந்தக் குறிப்பையெல்லாம் எழுதினதே நான்தானே சார்."

"அதுலயும் உங்க பேரு இல்லையே! தேர்வுப் பிரிவுல ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கும். 'எனக்குப் பங்கு உண்டு, இல்லை', வேண்டாததை அடிக்கணும். 'உண்டு'ங்கறதை அடிச்சு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"அக்கரையில அந்த அம்மா இருக்காங்களே. நானூறு மெயிலு போயிருக்கு சார்."

அக்கரையையும் அவரே கேட்டார். செவ்வாய்க்கிழமை திரையில் பேராசிரியை காபிக் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பூனை குறுக்கே போனது. பிறகு, இந்தப் பக்கத்துக் காகிதம் என்ன சொல்கிறதோ அதையே தானும் ஏற்றுக்கொள்வதாகவும், தான் வாய் திறக்கப் போவதில்லை என்றும் சொன்னார். கடைசியாக ஃபைலக்காவைப் பார்த்து, "உங்க முன்வரைவை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க வந்தா நான்தான் உங்க நெறியாளர்" என்று அவர் மொழியில் சொன்னார். ஃபைலக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆக, எல்லாக் கதவும் திறந்தாயிற்று. ஒரே ஒரு சொல்லை அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் மேசையில் உட்கார்ந்தாள். மத்தியானம் நாலு மணி வெயில் பீரோக்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. 'இத்திட்டத்தின் விதிகளை வகுப்பதில் எனக்குப் பங்கு உண்டு / இல்லை.' நேர்மை, கீர்மை என்று பெரிய பேச்செல்லாம் வேண்டாம். அவள் ஒன்றும் தேவதை இல்லை. வருகைப் பதிவில் தோழிக்காகக் கையெழுத்துப் போட்டவள்தான். பொய் சொல்லப் பயமும் இல்லை. பேனாவை 'உண்டு' மேல் கொண்டு வைத்துவிட்டாள். வைத்தால் முத்திரை ஞாபகம் வருகிறது. எட்டு மாதம் இரண்டு பல்கலைக்கழகமும் இடது பக்கத்துக்காக மல்லுக்கு நின்றபோது, முத்திரைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு, ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் மேலே என்று முடித்து வைத்தது அவள். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவே அனாதையாக நின்ற மூன்று மாதத்துக்கு வீடு கொடுத்தது அவள். வயது உச்சவரம்பு இல்லை என்று எழுதியது இந்தக் கை. இருபத்தெட்டு வருஷம் அந்தக் கட்டடத்தில் அடுத்தவர்கள் எழுதியதை நகர்த்தினாள், நகர்த்தினாள், நகர்த்திக்கொண்டே இருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை அவள் உண்டாக்கியது இது ஒன்றுதான். பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடு என்றால் எந்தக் கை எழுதும்?

ஐந்து மணி அடிக்கிற வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் 'இல்லை'யை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இயக்குநர் கத்தினார். அவர் அவளிடம் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! யாரு உங்களை அரிச்சந்திரனாகச் சொன்னா?"

"அது இல்ல சார்" என்றாள். "என்னுதுன்னு சொல்லிக்க எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

அவர் அவளுடைய விண்ணப்பத்தைத் தானே சரிபார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "வேணாம் சார், அது என் மேசை வேலை" என்று வாங்கிப் போய், முப்பத்தொன்றாவது விண்ணப்பத்தில் சிவப்பு மையில் எழுதினாள். பன்னிரண்டாவதில் பாதியில் நின்றதையும் முடித்து வைத்தாள். தகுதி இல்லாதவர்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போக வேண்டும் என்பது விதி. ஒன்பது பேரின் தேர்வும் முடிந்த பிறகு கடிதங்கள் போயின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். வார விடுமுறை, தபாலை அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். அவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"ஏம்மா, இதைப் படிச்சியா நீ? கேளு. 'இத்திட்டத்தின் விதிகளை வகுத்தவர் தாங்களே என்பதால், தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.' கீழ பதிவாளர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு! ஆறு வருஷமா உன் பேரு எந்தக் காகிதத்துலயும் வரலியேன்னு நான் எத்தனை நாள் உள்ளுக்குள்ள எரிஞ்சிருப்பேன் தெரியுமா? வந்துடுச்சு பாரு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இனிமே எவனும் இல்லேன்னு சொல்ல முடியாது!"

"அதை டைப் பண்ணதே நான்தாங்க" என்றாள் அவள்.

"பண்ணினா என்ன? முத்திரை அவங்களோடதுதானே? இது போதாதா?"

அவருக்குப் பெருமையில் கண் பளபளத்தது. அவளுக்கும் அவரை அந்தச் சந்தோஷத்திலேயே விட்டுவிடத்தான் ஆசை. கைப்பையை நாற்காலியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஆமாங்க, போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அதெல்லாம் வேணாங்க" என்றாள். "எனக்குப் படிக்கணும்."

அவர் கடிதத்தை மடித்தார். மடித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை முதல் வகுப்பு" என்றாள். "ஒன்பது பேரு. காலையில அறையைத் தயார் பண்ணச் சொல்லிட்டு வந்தேன். எத்தனை நாற்காலி போடறதுன்னு கேட்டாங்க. வாய் தவறிப் பத்துன்னு சொல்லிட்டேங்க. அவங்களும் பத்துப் போட்டுட்டாங்க. நான்தான் போயி ஒண்ணை எடுத்து வெளியில வச்சுட்டு வந்தேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.